பால், நெய், முட்டை இல்லாமல் மாம்பழ ஐஸ்கிரீமும் கேழ்வரகுக் கேக்கும்: முழுமையான வழிகாட்டி

வீகன் இனிப்பு, அதாவது விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதுவும் சேராத இனிப்பு, செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது பாதாம் பால், சோயா கிரீம், முட்டைக்கு மாற்றாக ஏதாவது ஒரு டப்பா. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இவற்றைத் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. இவை தேவையும் இல்லை. மாம்பழம், தேங்காய், கேழ்வரகு, வெல்லம், வேர்க்கடலை, ஜவ்வரிசி ஆகியவை நம் சந்தையில் ஒரே சுற்றில் பைக்கு வந்துவிடும்.

நல்ல பொருளை வாங்கிவிட்டும் பலர் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் வரிசை. கொதிக்கும்போது ஊற்றக் கூடாததை ஊற்றுவது, கடைசியில் சேர்க்க வேண்டியதை முதலில் சேர்ப்பது, ஆற வேண்டியதை ஆறவிடாமல் அடுத்த வேலைக்குப் போவது. அதனால் இங்கே ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளித்துவிடலாம்.

1. எதை விலக்குகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பால், தயிர், வெண்ணெய், நெய், பால்கோவா, பால் பவுடர், முட்டை, தேன், ஜெலட்டின் ஆகிய அனைத்தையும் விலக்குகிறோம். தேனையும் ஜெலட்டினையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் இருக்கக்கூடும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். பச்சைப் புள்ளி சைவ உணவுக்கான அடையாளம். பாலும் நெய்யும் தேனும் அதற்குள் அடங்கிவிடும். வீகன் உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் தனிச் சின்னம் வகுத்திருக்கிறது. அந்தச் சின்னம் இல்லாத பொருளென்றால் உட்பொருள் பட்டியலை வரி விடாமல் படிக்க வேண்டும்.

இரண்டாவது சறுக்கல், ஐஸ்கிரீம் போலவே விற்கும் ‘ஃப்ரோசன் டெசர்ட்’. அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நம் கடைகளில் விற்பவற்றில் பால் திடப்பொருள் (பாலில் நீர் நீங்கலான பகுதி) வழக்கமாக இருக்கும். தாவரக் கொழுப்பு என்ற சொல்லைப் பார்த்தவுடன் வாங்கிவிடாதீர்கள்.

2. பார்த்து வாங்க வேண்டியவை

மாம்பழத்தில் இருந்து தொடங்குவோம். பருவத்தில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் குவித்து விற்பதில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பாதி அல்போன்சா, பாதி பெங்களூரா. கிளிமூக்கு போன்ற நுனியுள்ள பெங்களூரா இங்கே கூழ் ஆலைகளுக்கு அதிகம் போகும் ரகம். சதைப்பற்று அதிகம், நார் குறைவு, இனிப்பும் மணமும் மிதம். அல்போன்சாவில் மணமும் நிறமும் அதிகம், விலையும் அதிகம். இரண்டையும் கலந்தால் பணமும் மிச்சம், மணமும் குறையாது. செந்தூரா கிடைத்தால் அதுவும் நன்றாகவே வரும். நாட்டு மாம்பழத்தில் சாறு அருமையாக இருந்தாலும் நார் நாக்கில் தட்டுப்படும். அதை அப்படியே கடித்துச் சாப்பிடுவதே அதற்கு மரியாதை.

காம்போரம் மணக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். தோல் முழுக்க மஞ்சளாக இருந்தும் மணமில்லை, உள்ளே கொட்டையோரம் வெள்ளையாகவும் புளிப்பாகவும் இருக்கிறது என்றால் அது தானாகப் பழுத்தது அல்ல. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. முதிர்ந்த காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் மூடிப் பழுக்க வைப்பது பாதுகாப்பானது. அதற்குச் சில நாள் முன்பே வாங்கிவிட வேண்டும்.

பருவம் முடிந்தபின் டப்பாவில் அடைத்த மாம்பழக் கூழ் பயன்படுத்தலாம். அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அப்படியானால் கீழே சொல்லும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

தேங்காய் நன்றாக முற்றியதாக இருக்க வேண்டும். அரசம்பட்டி, போச்சம்பள்ளி பக்கத்துக் காய் கிடைத்தால் நல்லது. எந்தக் காயானாலும் கையில் கனக்க வேண்டும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். உடைத்ததும் பருப்பை ஒரு துண்டு மென்று பாருங்கள். சிக்கு வாடை துளி இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். உறைந்த பின் அந்த வாடை அடங்கும் என்று நம்பிச் செய்தவர்கள் ஒரு டப்பா ஐஸ்கிரீமை வீணாக்கியதுதான் மிச்சம்.

வெல்லத்தில் கடத்தூர், பாலக்கோடு பக்கம் காய்ச்சுவது இங்கே எளிதில் கிடைக்கும். மின்னும் மஞ்சள் நிறத்தைவிட மங்கலான பழுப்பு வெல்லத்தை எடுங்கள். எந்த வெல்லமாக இருந்தாலும் மண் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இவற்றோடு ஒரு சிறிய எடை மெஷின் தேவை. சாம்பாருக்குக் கைக்கணக்கு போதும்; சோடா மாவுக்குப் போதாது.

3. எதை எப்போது தொடங்குவது

ஞாயிறு மாலை பரிமாற வேண்டுமென்றால் சனி மாலையே தொடங்குங்கள். சனி மாலை தேங்காய்ப் பால் எடுத்து ஐஸ்கிரீம் கலவையைத் தயாரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு காலையில் அதை உறைய வைத்து ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். அது இறுகும் நேரத்தில் கேக். கேக் வெளியே வந்ததும் சூட்டைச் சற்றுக் குறைத்துப் பிஸ்கட்.

இந்த வரிசையில் ஒரு லாபம் உண்டு. முதல் நாள் எடுத்த தேங்காய்ப் பால் மூன்றுக்கும் போதும். கெட்டிப் பால் ஐஸ்கிரீமுக்கு; இரண்டாம் பால் கொஞ்சம் ஐஸ்கிரீமுக்கும் மீதி கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். எதுவும் வீணாகாது.

4. தேங்காய்ப் பால் எடுத்தல்

பெரிய தேங்காய் இரண்டு எடுத்துத் துருவிக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி மிக்சியில் இரண்டு மூன்று முறை அரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் பிழியுங்கள். 400 மில்லிக்குக் குறையாமல் கெட்டிப் பால் கிடைக்கும். பிறகு சக்கையில் இன்னும் 250 மில்லி தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த இரண்டாம் பாலைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டியதற்குக் காரணம், தேங்காய்க் கொழுப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி மாதம் பச்சைத் தண்ணீரில் அரைத்தால் பாதிக் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். ஐஸ்கிரீமின் மென்மைக்கு அந்தக் கொழுப்புதான் ஆதாரம்.

இரண்டு பாலையும் கலந்துவிடாதீர்கள். எல்லாம் ஒன்றுதானே என்று ஒரே பாத்திரத்தில் ஊற்றுவதை அடிக்கடி பார்க்கிறேன். கெட்டிப் பால் நீர்த்துப் போனால் உறையும்போது அந்த நீர் ஐஸ் துண்டாக மாறும். எடுத்த பாலை வெளியில் வைக்கவும் கூடாது. மே மாத வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

5. ஐஸ்கிரீம் கலவை

சுமார் ஒரு லிட்டருக்கு: மாம்பழச் சதை 400 கிராம், கெட்டித் தேங்காய்ப் பால் 400 மில்லி, இரண்டாம் பால் 100 மில்லி, சர்க்கரை 150 கிராம், வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறிய முந்திரி 40 கிராம், ஜவ்வரிசி மாவு 12 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி.

ஜவ்வரிசியை மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்தால் மாவு தயார். இது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. கலவையில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபடாத தண்ணீர்தான் உறையும்போது பெரிய படிகமாகி நறநறக்கும். சோள மாவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மரவள்ளி விளையும் ஊரில் இருந்துகொண்டு அதை வாங்கப் போவானேன்?

முதலில் கஞ்சி. இரண்டாம் பால் குளிர்ச்சியாக இருக்கும்போதே ஜவ்வரிசி மாவைக் கரையுங்கள். சூடான பாலில் மாவைப் போட்டால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவாகவே நின்று கட்டி தட்டும். கரைத்த பின் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். வெள்ளையாக இருந்த கரைசல் முதலில் அடியில் இழைஇழையாகத் திரளும். கையை நிறுத்தாமல் கிளறினால் ஒரு கட்டத்தில் வெண்மை மங்கிக் கண்ணாடிப் பளபளப்பு வரும். கரண்டியைத் தூக்கினால் அறுபடாமல் நாடாவாக விழும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். பளபளப்பு வருமுன் இறக்கினால் ஐஸ்கிரீமில் பச்சை மாவு வாடை அடிக்கும்.

அடுத்து சர்க்கரையும் உப்பும். கஞ்சி சூடாக இருக்கும்போதே சேர்த்துக் கரையுங்கள். சர்க்கரையின் அளவைக் குறைத்துவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது கரைந்த தண்ணீர் முழுதாக உறையாது. அதனால்தான் ஐஸ்கிரீமைக் கரண்டியால் வழிக்க முடிகிறது. 20, 30 கிராம் குறைக்கலாம். பாதியாகக் குறைத்தால் கத்தி கொண்டுதான் வெட்ட வேண்டியிருக்கும்.

இப்போது காத்திருக்க வேண்டும். கஞ்சி முழுவதும் ஆறிய பிறகுதான் கெட்டிப் பாலும் மாம்பழமும் சேர வேண்டும். சூட்டில் கெட்டிப் பாலை ஊற்றினால் எண்ணெய் பிரியும். மாம்பழத்தின் புளிப்பும் சேர்ந்துகொண்டால் பால் திரிந்தே போகும். சுட்டால் மாம்பழத்தின் மணமும் போய்விடும். அது மாம்பழ ஜாமின் வாசனையாக மாறிவிடும்.

ஆறியபின் முந்திரியைத் தண்ணீர் வடித்து, கொஞ்சம் கெட்டிப் பாலோடு விரலில் திப்பி தட்டாத அளவுக்கு அரையுங்கள். அதில் மாம்பழச் சதை, கஞ்சி, மீதிப் பால், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் அடித்து வடிகட்டுங்கள். இந்தக் கட்டத்தில் ருசி பார்த்தால் இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். இப்போது சரியாக இருப்பது உறைந்தபின் சப்பென்று இருக்கும்.

மூடிபோட்டு இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். கலவை எவ்வளவு குளிர்ந்து உள்ளே போகிறதோ அவ்வளவு விரைவில் உறையும். விரைவில் உறைந்தால் படிகம் சிறிதாக இருக்கும். நாக்கில் வழுவழுப்பாக இருக்கும். காலையில் மேலே கெட்டியாக ஒரு படலம் நின்றிருந்தால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது தேங்காய்க் கொழுப்பு. கிளறினால் கலந்துவிடும்.

6. உறைய வைத்தல்

ஐஸ்கிரீம் மெஷின் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்குவாளி, 3 கிலோ ஐஸ், 1 கிலோ கல்லுப்பு போதும். மின்வெட்டு நாளிலும் இது கைவிடாது.

ஐஸைச் சாக்கில் போட்டுச் சிறு துண்டுகளாக உடையுங்கள். வாளியின் அடியில் ஒரு அடுக்கு ஐஸ், அதன் மேல் ஒரு கை உப்பு. தூக்கை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஐஸ், உப்பு என்று மாறிமாறி நிரப்புங்கள். வெறும் ஐஸ் பூஜ்ய டிகிரியில் நிற்கும். அந்தக் குளிரில் சர்க்கரைக் கலவை உறையாது. உப்பு ஐஸைக் கரைக்கிறது, கரைவதற்கான வெப்பத்தைத் தூக்கிலிருந்து இழுக்கிறது. உப்பும் ஐஸும் சேர்ந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியையும் தாண்டிக் குளிரும்.

குளிர்ந்த கலவையைத் தூக்கில் முக்கால் அளவு மட்டும் ஊற்றுங்கள். உறையும்போது காற்று சேர்ந்து பொங்க இடம் வேண்டும். ஐஸ் மட்டம் மூடிக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். ஒரு கரண்டி உப்புநீர் உள்ளே போனாலும் முழுக் கலவையும் போச்சு.

மூடியைப் போட்டு, தூக்கின் பிடியைப் பற்றி வலமும் இடமுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, மரக்கரண்டியால் உட்சுவரை மேலிருந்து கீழாக வழித்து நடுவில் கலக்குங்கள். முதல் இருமுறை சுவரில் ஒன்றும் இருக்காது. மூன்றாம் முறை கரண்டியில் மெல்லிய மஞ்சள் ஏடு வரும். அங்கிருந்து வேலை சூடு பிடிக்கும். சுவரில்தான் உறைதல் தொடங்குகிறது. வழிக்காமல் விட்டால் அங்கே தடித்த ஐஸ் ஓடு கட்டி, நடுவில் கூழாகவே இருக்கும்.

ஐஸ் கரைந்து தண்ணீர் சேரும். அதைக் கொட்டிவிடுவது மிகப் பரவலான தவறு. தூக்கின் சுவரை முழுமையாகத் தொட்டுக் குளிரவைப்பது அந்த உப்புநீர்தான். மூடியை நெருங்கும் அளவுக்கு ஏறினால் மட்டும் கொஞ்சம் இறைத்துவிட்டு ஐஸும் உப்பும் சேருங்கள். அந்தத் தண்ணீரில் வெறும் கையை நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். தோல் மரத்துப் புண்ணாகும். குழந்தைகள் பிடி திருப்ப ஆசைப்படுவார்கள், திருப்பட்டும். ஐஸைத் தொடவிட வேண்டாம்.

அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் இட்லி மாவைவிடக் கெட்டியாகி, கரண்டியைச் செருகினால் சாயாமல் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்தால் தேங்காய்க் கொழுப்பு சிறுசிறு உருண்டையாகத் திரண்டு வாயில் மெழுகாக ஒட்டும். உடனே அகலமான டப்பாவுக்கு மாற்றி, மேற்பரப்போடு ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்தி மூடி, ஃப்ரீசரின் அடித்தளத்தில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் வையுங்கள். தாள் இல்லாவிட்டால் மேலே உறைபனி படரும்.

ஐஸ் கிடைக்காதவர்களுக்கு மாற்று வழி: கலவையை ஐஸ் தட்டுகளில் ஊற்றிக் கட்டியாக்கி, ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்த மிக்சி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, டப்பாவில் போட்டு மறுபடி இறுக விடுங்கள். தூக்கில் செய்ததன் மென்மை வராது, ஆனால் வெட்கப்படும்படியும் இருக்காது. மிக்சியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். மோட்டார் சூடேறினால் ஜாரும் சூடாகிக் கட்டி கரையும்.

7. ஐஸ்கிரீம் சரியாக வராவிட்டால்

நறநறவென்று இருந்தால் பால் நீர்த்திருக்கிறது, அல்லது கலவை போதுமான அளவு குளிராமல் தூக்குக்குப் போயிருக்கிறது. மெழுகாக ஒட்டினால் அதிகம் கடைந்திருக்கிறீர்கள். பாறையாக இறுகினால் சர்க்கரை குறைவு. தேங்காய் மணம் மாம்பழத்தை அமுக்கினால் பழம் பழுத்தது போதவில்லை. அதற்கு எசென்ஸ் ஊற்றுவது தீர்வாகாது. அடுத்த முறை அல்போன்சாவின் பங்கைக் கூட்டுங்கள்.

கெட்டுப்போகாத வரை எல்லாவற்றையும் உருக்கி, மறுபடி குளிரவைத்துக் கடையலாம். அதிகம் கடைந்ததை மட்டும் உருக்கியபின் மிக்சியில் ஒருமுறை அடிக்க வேண்டும்.

8. கேழ்வரகுக் கேக்

தேவை: கேழ்வரகு மாவு 70 கிராம், கோதுமை மாவு 110 கிராம், வெல்லம் 150 கிராம், தண்ணீர் 100 மில்லி, இரண்டாம் தேங்காய்ப் பால் 120 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 70 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காயும் சுக்கும் பொடித்தது கொஞ்சம். 7 அங்குல அச்சு ஒன்று.

கேழ்வரகை மட்டும் வைத்துச் சுட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கோதுமை மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் கேழ்வரகில் கிடையாது. முட்டையும் இல்லாதபோது காற்றைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, கேக் உதிர்ந்துவிடும். கோதுமையின் பங்கு பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவு கூழுக்கு அருமை, கேக்குக்கு ஆகாது. முளைப்பில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்து நடுப்பகுதியைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.

தொடங்குமுன் அச்சில் எண்ணெய் தடவித் தாள் போட்டு, அடுப்பை (ஓவனை) சூடாக்கத் தொடங்கிவிடுங்கள். மாவைக் கலந்தபின் தாளைத் தேடினால் கேக் கையில் தங்காது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை வெல்லம். 100 மில்லி தண்ணீரில் கரைத்து, கரைந்ததும் இறக்கி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். வடித்தபின் பாத்திரத்தின் அடியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டாமல் செய்யும் எண்ணம் யாருக்கும் மறுபடி வராது.

வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கரைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். இந்தக் கேக்கில் நான் வற்புறுத்தும் ஒரே படி இதுதான். கேழ்வரகின் தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஊறாமல் சுட்டால் கேக்கில் மணல் கலந்தது போல் பல்லில் படும். பலரும் அதைக் கேழ்வரகின் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். களி கிளறும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாவுக்குத் தண்ணீரும் நேரமும் வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேக் என்றதும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

ஊறியபின் தேங்காய்ப் பாலும் எண்ணெயும் ஊற்றி, எண்ணெய்த் துளி கண்ணுக்குத் தெரியாத வரை நன்றாக அடியுங்கள். இது முட்டை செய்யும் வேலை. எண்ணெயும் நீரும் ஒன்றாகச் சேர வேண்டும். அடிக்க வேண்டியதையெல்லாம் இங்கேயே அடித்துவிடுங்கள். செக்கு நல்லெண்ணெயும் செக்குக் கடலை எண்ணெயும் சமையலுக்கு நல்லவை, ஆனால் இங்கே அவற்றின் வாடை தனியாக நிற்கும்.

கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலம், சுக்கு ஆகியவற்றை ஒன்றாக இருமுறை சலித்துச் சேருங்கள். இப்போது அடிக்கக் கூடாது. கரண்டியால் அடியிலிருந்து புரட்டி, உலர் மாவு மறைந்ததும் நிறுத்துங்கள். கோதுமையைப் பிசையப் பிசைய இழுவை கூடும். சப்பாத்திக்கு அது நல்லது, கேக்குக்குக் கெடுதல்.

எலுமிச்சைச் சாறு கடைசியில். சேர்த்த நொடியே சோடாவோடு வினைபுரிந்து நுரைக்கும். அந்தக் காற்றுதான் கேக்கை உயர்த்துகிறது, அது நிற்பது சில நிமிடம்தான். நான்கு சுற்றுச் சுற்றி, அச்சில் ஊற்றி, உடனே அடுப்புக்குள் வையுங்கள். சாற்றை முதலிலேயே ஊற்றிவிட்டு, நடுவில் போன் வந்ததென்று பேசப் போனவர்களின் கேக்கெல்லாம் அடைபோலத்தான் வந்தது.

180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். நடுவில் ஈர்க்குச்சியைச் செருகி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். அச்சிலேயே 10 நிமிடம் விட்டுப் பிறகு கவிழ்த்து, முழுவதும் ஆறியபின் வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் எவ்வளவு நல்ல கேக்கும் பொடிந்துவிடும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ஈரம் சமமாகப் பரவியிருக்கும்.

9. ஓவன் இல்லாதவர்களுக்கு

கனமான பழைய குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு அங்குலத்துக்கு உலர்ந்த மணலோ உப்போ பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வையுங்கள். மூடிபோட்டு மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கியபின் அச்சை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து 40 முதல் 50 நிமிடம் விடுங்கள்.

மணல் சூட்டைச் சமமாகப் பரப்பும். வளையம் இல்லாவிட்டால் அடி கருகும். குக்கர் கேக்கின் மேற்புறம் வெளிறித்தான் இருக்கும். அதை நிறமாக்கக் கூடுதல் நேரம் வைத்தால் அடிப்பக்கம் காய்ந்துவிடும். வெளிறினால் வெளிறட்டும்.

10. வேர்க்கடலை பிஸ்கட்

இது சுலபம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 150 கிராமை மிக்சியில் விட்டுவிட்டுப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகும். கோதுமை மாவு 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 80 கிராம், தேங்காய் எண்ணெய் 60 கிராம், உப்பு, சோடா ஒரு சிட்டிகை சேர்த்து, மீதமுள்ள தேங்காய்ப் பாலைத் தெளித்துத் திரட்டுங்கள். அரை மணி ஃபிரிட்ஜில் வைத்தபின் வில்லைகளாகத் தட்டி, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். குளிராத மாவு தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைப்பவர்கள்தான் கருக்கிவிடுகிறார்கள். ஓரம் பொன்னிறமானால் எடுத்துவிடுங்கள். ஆறினால் மொறுமொறுப்பு தானே வரும்.

11. பரிமாறுதலும் பாதுகாத்தலும்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கிரீமை மே மாதத்தில் கிருஷ்ணகிரி வெயிலில் ஐந்து நிமிடம், ஓசூர் குளிரில் 10 முதல் 15 நிமிடம் வெளியே வைத்துப் பிறகு பரிமாறுங்கள். தேங்காய்க் கொழுப்பு பால் கொழுப்பைவிடக் குளிரில் அதிகம் இறுகும். இளகாத ஐஸ்கிரீமில் மணமும் ருசியும் எழாது. கேக் துண்டை லேசாகச் சூடாக்கி, அதன் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்து, பிஸ்கட்டைப் பொடித்துத் தூவிக் கொடுத்தால் பால் இல்லை, முட்டை இல்லை என்ற பேச்சே பந்தியில் எழுவதில்லை.

ஐஸ்கிரீம் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். பரிமாறும்போது உருகியதை மறுபடி உறையவைத்து நாள் கடத்தாதீர்கள். கேக் வெளியில் இரண்டு நாள், பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும்.

விருந்தினருக்கு முந்திரியும் வேர்க்கடலையும் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர் விஷயம். கேழ்வரகு, வெல்லம் என்று கேட்டதும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இரண்டாவது துண்டு கேட்பார்கள். வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்குச் சிறிய துண்டாகவே வெட்டிக் கொடுங்கள்.

12. பேக்கரியில் வாங்கும்போதும் ஆர்டர் கொடுக்கும்போதும்

“அண்ணா, இது எக்லெஸ்தானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். முட்டையில்லாத கேக்கில் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேர்ப்பதுதான் வழக்கம். அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: “பால் பவுடர் உண்டா? தயிர் உண்டா? மேலே பால் தடவுகிறீர்களா?” பப்ஸில் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போட்டிருந்தாலும் பளபளப்புக்காக முட்டையோ பாலோ தடவியிருப்பார்கள். சில மார்ஜரினிலேயே பால் திடப்பொருள் இருக்கும். பன்னிலும் ரஸ்கிலும் பால் பவுடர் சேர்ப்பது சகஜம்.

பிறந்தநாள் கேக்கின் மேல் பூசும் கிரீம் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். ‘நான்-டெய்ரி’ (பால் சேராதது) என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் கிரீம் பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதம். பாக்கெட்டைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். தயங்காமல் காட்டுகிற கடைகள் உண்டு.

கிரீம் இல்லாமலே வேண்டுமென்றால் நம் கேழ்வரகுக் கேக்கை இரண்டு அடுக்காகச் சுட்டு, நடுவில் கெட்டியான மாம்பழக் கூழைத் தடவுங்கள். மேல்பூச்சுக்கு 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கெட்டிப் பாகாக்கி இறக்குங்கள். சூடு தணிந்ததும் நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப் பால் கலந்து, கேக் முழுவதும் ஆறிய பிறகு ஊற்றுங்கள். தேங்காய்க் கிரீமை அடித்துப் பூசும் முறையைக் கோடைகாலத்தில் முயல வேண்டாம். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் வழிந்துவிடும்.